மிக்சி விலையை யார் குறைத்தது? விலைக் கண்காணிப்பு மென்பொருள்கள்: ஓர் ஒப்பீடு

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மதுரை டீலர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் கோவையில் மிக்சியும் கிரைண்டரும் செய்து கடைகள் வழியாக விற்கிறவர்கள். "உங்கள் 750 வாட் மிக்சி, நான் உங்களிடம் எடுக்கிற விலைக்கும் 150 ரூபாய் கீழே ஆன்லைனில் கிடக்கிறது. வாடிக்கையாளர் போனை நீட்டிக் காட்டுகிறார். நான் என்ன சார் பதில் சொல்வது?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்த விலையைப் போட்டது யார், எத்தனை நாளாக, எந்த ஊருக்கு என்பதுகூட எங்களிடம் இல்லை. அன்று மாலைதான் மென்பொருள் தேடத் தொடங்கினேன்.

முதலில் புரிந்துகொண்டது: சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கடைக்காரருக்காகச் செய்யப்பட்டவை. கடைக்காரருக்கு வேண்டியது ஒரே கேள்விக்கு விடை: பக்கத்துக் கடையில் இதே பொருள் என்ன விலை? விடை வந்ததும் அவர் தன் விலையை மாற்றிக்கொள்வார். பொருளைத் தயாரித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் நம்மால் அப்படி மாற்ற முடியாது. நம் பொருளை யார் யார் விற்கிறார்கள், அவர்களில் நாம் அறியாத விற்பனையாளர் யார், போட்டி பிராண்டின் இணையான மாடல் அதே கடையில் எங்கே நிற்கிறது என்பவைதான் நமக்கான கேள்விகள். ஆகவே டெமோவில் பெருமையாகக் காட்டப்படும் 'தானாக விலை மாற்றும் வசதி' நமக்கு எதற்கும் உதவாது. அதற்கென்று ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

போட்டியில் முதலில் நிற்பது ஒரு எக்செல் தாளும் ஒரு பையனும். சிரிக்க வேண்டாம். முப்பது மாடல், நான்கு தளம் என்றால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை. கூப்பன் இருக்கிறதா, விற்பவர் பெயர் என்ன, ஸ்டாக் உண்மையில் உண்டா என்று மனிதக் கண் பார்ப்பதை மலிவான மென்பொருள் பல நேரம் தவறவிடும். ஆனால் பண்டிகை விற்பனையில் நள்ளிரவில் விலை விழுந்து விடியும்முன் ஏறிவிட்டால் பையனுக்குத் தெரியாது. கூகுள் ஷீட்டில் ஒரு சூத்திரம் எழுதி விலையை இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய தளங்கள் அப்படி வரும் கோரிக்கைகளைத் தடுத்துவிடும். பக்கம் திறந்தபின் தனியாக வந்து சேரும் விலை அந்தச் சூத்திரத்தின் கண்ணில் படுவதே இல்லை.

அடுத்தது கீபா. ஜெர்மனியிலிருந்து வருவது, அமேசானை மட்டுமே பார்ப்பது. இந்திய அமேசானும் அதில் உண்டு. இதன் பலம் பழைய வரலாறு. மற்றவற்றில் பொதுவாக நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பமாகும். கீபாவிலோ நீங்கள் வருவதற்கு வெகுநாள் முன்பிருந்தே விலை வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் மிக்சியின் வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது, விலை விழுந்தது அந்த வாரம் இல்லை, ஜூலை முதல் வாரம் என்று தெரிந்தது. மதுரைக்காரர் பொறுமைசாலி. ஆனால் பிளிப்கார்ட், பெரிய ஷோரூம்களின் சொந்தத் தளங்கள், பத்து நிமிட டெலிவரி ஆப்கள் எதுவும் இதற்குத் தெரியாது.

பிறகு நடுத்தர வகை: பிரிசிங்க், பிரைஸ்டூஸ்பை. முன்னது துருக்கி, பின்னது செர்பியா. இரண்டிலும் கட்டணத் திட்டம் தளத்திலேயே இருக்கிறது, விற்பனைப் பிரதிநிதியின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணும் முறையில்தான் வேறுபாடு. பிரிசிங்க் பொருள்களை எண்ணுகிறது. ஒரு பொருளுக்கு எத்தனை கடை சேர்த்தாலும் அது ஒன்றுதான். பிரைஸ்டூஸ்பை கண்காணிக்கும் இணைப்புகளை, அதாவது ஒவ்வொரு கடையின் பக்கத்தையும் தனித்தனியாக, எண்ணுகிறது. நாற்பது மாடல் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொன்றையும் பதினைந்து இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் முன்னதில் 40, பின்னதில் 600. மாடல் குறைவு, கடை அதிகம் என்பது தயாரிப்பாளரின் இயல்பான நிலை என்பதால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கம், பிரைஸ்டூஸ்பை தயாரிப்பாளர்களின் தேவையை நீண்ட காலமாகக் கவனித்து வந்த ஒன்று. விலை தெரிந்த பக்கத்தைப் படமெடுத்து நேரத்துடன் சேமிப்பது அங்கே உண்டு. "அப்படி ஒரு விலை நாங்கள் போடவே இல்லை" என்று விற்பனையாளர் சொல்லும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும்.

நான்காவது வகை, விலை கேட்டால் 'பேசிக்கொள்ளலாம்' என்கிறவை. பெங்களூரில் 2011இல் தொடங்கிய டேட்டாவீவ், மும்பையில் 2012இல் தொடங்கிய இன்டெலிஜென்ஸ் நோட் இரண்டும் இதில் வரும். பின்னதை 2024 டிசம்பரில் இன்டர்பப்ளிக் என்ற அமெரிக்க விளம்பரக் குழுமம் வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கான பொருள்கள், படத்தைப் பார்த்தே இணை மாடலைக் கண்டுபிடித்தல், பின்கோடு வாரியாக விலை என்று இவற்றின் அளவே வேறு. பிஸ்கட், ஷாம்பு, மசாலா விற்கிறவர்களுக்கு இந்த வகை இல்லாமல் முடியாது என்றே நினைக்கிறேன். பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்றவற்றில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கிடங்கு. ஒரே பாக்கெட் தி.நகரில் ஒரு விலை, தாம்பரத்தில் இன்னொரு விலை, வேளச்சேரியில் ஸ்டாக்கே இல்லை என்றிருக்கும். மிக்சிக்கு அந்தத் தொல்லை குறைவு. நாங்கள் ஒரு கூட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

இத்தனையையும் பட்டியலிட்ட பிறகும், எதை எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது பொருத்தம்தான்: தளத்தில் இருப்பது நம்முடைய அதே மாடல்தானா என்று மென்பொருள் சரியாகக் கண்டுகொள்வது. ஜாதகப் பொருத்தத்துக்குப் பத்து என்றால் இதற்கு அதைவிட அதிகம். 890 என்று தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு பெட்டியில் இருக்கிறது. ஆனால் தளங்கள் அதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எண் வைத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது தலைப்பு. தலைப்பை எழுதுகிறவர் விற்பனையாளர். அவர் '3 ஜார்' என்பதை விட்டுவிடுவார், கறுப்பு நிறத்தை நீலத்தோடு சேர்த்துவிடுவார், பிளெண்டர் ஒன்றைச் சேர்த்து 'காம்போ' ஆக்கிவிடுவார். நாங்கள் சோதனைக்கு எடுத்த ஒன்றிலிருந்து (பெயர் வேண்டாம்) ஒரு நாள் காலை ஆறு மணிக்கு எச்சரிக்கை வந்தது: உங்கள் மிக்சி 649 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. பல் துலக்காமல் கணினியைத் திறந்தேன். விற்பனைக்கு இருந்தது சட்னி ஜார், மூடியோடு.

ஆகவே சோதனைக் காலத்தில் டாஷ்போர்டின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்களுக்கே குழப்பம் தரும் இருபது மாடல்களைப் பொறுக்கி எடுங்கள்: ஜார் எண்ணிக்கை மட்டும் மாறுபவை, பழைய மாடலின் பெயரையே சுமக்கும் புதிய மாடல், காம்போ. மூன்று நாள், ஒரே நேரத்தில், ஒரே பின்கோடில் கையால் பார்த்து எழுதி, மென்பொருள் சொன்னதோடு ஒப்பிடுங்கள். எந்த விலையை எடுக்கிறது என்றும் பாருங்கள். கோடு போட்டு அடித்த எம்ஆர்பி, விற்பனை விலை, கூப்பன் கழித்தது, வங்கி அட்டைச் சலுகை கழித்தது என்று ஒரே பக்கத்தில் நான்கு எண் இருக்கும். வாடிக்கையாளர் டீலரிடம் காட்டுவது எப்போதும் நான்காவதுதான்.

இனிச் சட்டம். அமெரிக்காவில் 'குறைந்தபட்ச விளம்பர விலை' என்று தயாரிப்பாளர் அறிவித்து, மீறுகிறவருக்குச் சரக்கை நிறுத்துவது சாதாரணம். அந்த ஊரை மனதில் வைத்துச் செய்த மென்பொருள்களில், விலை இறங்கியதும் விற்பனையாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் தானாகப் போகும் வசதி உண்டு. இந்தியாவில் அந்தப் பொத்தானைத் தொடும்முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம், கீழே விற்பது கடைக்காரர் உரிமை. மறுவிற்பனை விலையைக் கட்டிப்போடுவது போட்டியைப் பாதித்தால், 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3(4)(e) பிரிவில் வந்து மாட்டும். 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, டீலர்கள் கொடுக்கும் தள்ளுபடிக்கு வரம்பு வைத்ததற்காக. வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பித் தள்ளுபடியை வேவு பார்த்தது அந்த உத்தரவில் விரிவாக வருகிறது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஐரோப்பாவிலோ 2018 ஜூலையில் ஆசஸ், பிலிப்ஸ், பயனியர், டெனான் அண்டு மராண்ட்ஸ் நால்வருக்கும் சேர்த்து 11 கோடி யூரோவுக்கு மேல் அபராதம். விலை இறங்கியதை உடனுக்குடன் காட்டும் கண்காணிப்புக் கருவிகளைக் கொண்டு கடைக்காரர்களை நெருக்கியதை ஐரோப்பிய ஆணையம் குறிப்பிட்டே சொன்னது. பார்ப்பதில் தவறில்லை. பார்த்துவிட்டு யாருக்கு என்ன எழுதுகிறோம் என்பதில்தான் வம்பு.

கடைசியில் நாங்கள் எடுத்தது பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. அமேசானுக்குக் கீபா, மற்ற இடங்களுக்கு இணைப்பு கொடுத்துப் பார்க்கும் நடுத்தர வகையில் ஒன்று, வேகமாக ஓடும் பன்னிரண்டு மாடல்களுக்கு அதே எக்செல் பையன். கடிதம் அனுப்பும் வசதியை முதல் நாளே அணைத்து வைத்தோம். வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை காலை, பத்து நிமிடம் பார்க்கிறோம். அதற்கு மேல் பார்த்தால் தூக்கம் போகும்.

மதுரைக்காரரின் மிக்சிக்கு வருகிறேன். விற்றவர் பெயரை மென்பொருள் சொன்னது. எங்கள் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை. சாதாரண வாடிக்கையாளர் போல ஒன்றை ஆர்டர் செய்து வரவழைத்தேன். நான்கு நாளில் வந்தது. பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணைக் கணக்குப் பிரிவுக்குச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பில்லோடு வந்தார்கள். ஜூன் 29, எங்கள் சொந்த டிஸ்ட்ரிபியூட்டர், காலாண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்பு எடுத்த முந்நூறு பெட்டி. முந்நூறைத் தொட்டால் கூடுதல் ஐந்து சதவீதத் தள்ளுபடி, கிரெடிட் நோட்டாக, என்ற ஸ்கீமை வகுத்து, கீழே கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்தான்.