ஸ்கேனரை முதலில் போடு

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். என்னிடம் இருக்கும் அதே பிலிம் ஸ்கேனர், அதாவது பழைய நெகட்டிவைக் கம்ப்யூட்டரில் படமாக ஏற்றும் மெஷின், 28 ஆயிரம் ரூபாய். ‘வாங்கலாமாடா? நீதான் ஆறு வருஷமா வெச்சிருக்கியே’ என்று கேட்டிருந்தான். பதில் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது.

மெஷினைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2001 வாக்கில் வந்த மாடல், 4000 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), 35 எம்எம் பிலிம் மட்டும், கம்ப்யூட்டரோடு சேர்க்க ஃபயர்வயர் என்கிற பழைய வகை இணைப்பு. கம்பெனி பெயர் வேண்டாம், கீழே திட்டப் போகிறேன்.

வாங்கி வந்த அன்று எதில் சொருகுவது என்றே தெரியவில்லை. ஆன்லைனில் ஒரு கேபிள் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு முனை யூஎஸ்பி, மறு முனை ஃபயர்வயர். இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே இருந்தது வெறும் கம்பி. ஃபயர்வயருக்குத் தனி கன்ட்ரோலர் சிப் வேண்டும். யூஎஸ்பியும் அதுவும் பேசும் பாஷையே வேறு, முனையை மாற்றினால் பாஷை மாறிவிடுமா? அந்தக் கேபிள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

அடுத்து, கம்ப்யூட்டருக்குள் சொருகும் ஃபயர்வயர் கார்டு தேடி சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு. நாலு கடையில், ‘அதெல்லாம் ஹேண்டிகேம் காலத்தோட போச்சு சார்’ என்றார்கள். உண்மைதான். கல்யாண வீடியோக்காரர்கள் ஹேண்டிகேமின் MiniDV கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய காலத்தில், தெரு முழுக்க இந்தக் கார்டு தொங்கிய இடம் அது. ஐந்தாவது கடையில் பழைய ஸ்டாக்கில் ஒன்று கிடைத்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப், 900 ரூபாய். கேபிள் மட்டும் அவரிடம் ஹேண்டிகேமுக்கான 4 பின் இருந்தது. ஸ்கேனருக்கு இரண்டு பக்கமும் 6 பின் வேண்டும். அதற்கு இன்னொரு நாள், இன்னொரு தெரு. அந்த 6 பின் பிளக்கை வம்பாகத் தலைகீழாக அழுத்தினால் போர்ட்டே போய்விடும். ஒரு பக்கம் மழுங்கியிருப்பதைப் பார்த்துச் சொருக வேண்டும்.

சாஃப்ட்வேர் பிரச்சினை வ்யூஸ்கேனோடு தீர்ந்தது. எட் ஹாம்ரிக் என்பவர் 1998லிருந்து எழுதி வரும் ஸ்கேனிங் புரோகிராம். தயாரித்த கம்பெனியே கைகழுவிய மெஷின்களுக்கெல்லாம் அதில் இடம் இருக்கிறது. காசு கொடுத்துத்தான் வாங்கினேன், வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் ஸ்விட்ச் போடும் வரிசையில்தான். முதலில் ஸ்கேனரைப் போட வேண்டும். உள்ளே கிர்ர் என்று ஏதோ முன்னும் பின்னும் நகரும், விளக்கு மினுக்கும். மினுக்கல் நின்ற பிறகுதான் கம்ப்யூட்டர் ஸ்விட்ச். மாற்றிப் போட்டால் ஸ்கேனர் இருப்பதே தெரியாது. எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆறு வருஷமாக மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘ஸ்கேனரை முதலில் போடு.’ அப்படியும் வாரம் ஒரு தடவை மறக்கிறேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டர் தூங்கிப்போனாலும் இதே கதை, அதனால் ஸ்லீப்பையே அணைத்து வைத்திருக்கிறேன். ஒருநாள் மூன்றாவது தடவையாக அணைத்துப் போட்டதைப் பார்த்த என் பையன், ‘அப்பா, இது ஸ்கேனரா, ஹோமமா?’ என்றான்.

ஆனால் படம் வந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகிறது. 1994ல் அத்தை பெண் கல்யாணத்தில் எடுத்த கலர் நெகட்டிவ், பிஸ்கட் டின்னில் கிடந்து கீறலும் தூசியுமாக இருந்தது. இந்த மெஷின் சாதாரண ஒளியோடு அகச்சிவப்பிலும் ஒருமுறை பார்க்கிறது. கலர் பிலிமின் சாயம் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும், தூசியும் கீறலும் மறைக்கும். எது அழுக்கு, எது படம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. மூன்று நிமிஷம் உறுமிய பிறகு திரையில் வந்த படத்தைப் பெரிதாக்கினேன். பந்தியில் பரிமாறும் பெரியப்பாவின் கைக்கடிகாரம், மணி பதினொன்று இருபது. பிரிண்டில் அது ஒரு வெள்ளைப் புள்ளி.

கருப்பு வெள்ளைக்கு இந்த வித்தை பலிக்காது. என் அப்பா எடுத்ததில் பாதி இந்து பிலிம், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. அதில் படமே வெள்ளித் துகள்தான், வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். அந்த வசதியை அணைக்க மறந்து ஒரு இரவு முழுக்க ஓட்டினேன். காலையில் பார்த்தால் தாத்தாவின் நெற்றியில் விபூதிப் பட்டை மூன்றும் குழைந்து, களிம்பு தடவியது போல் இருந்தது. நெகட்டிவில் வெள்ளி அடர்த்தியாக இருப்பது வெள்ளையான இடத்தில்தானே. விபூதியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது.

போன மாதம் ஒரு ரிப்பேர். வெள்ளை வேட்டி, டியூப் லைட் எதைப் பார்த்தாலும் சுற்றிலும் புகை போல ஒரு வெளிச்சம். கேமரா மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சின்ன கண்ணாடி, மேலே மெல்லிய படலம். ‘கண்புரை சார்’ என்று சிரித்துக்கொண்டே பஞ்சால் இரண்டு இழுப்பு இழுத்தார். 1,500 ரூபாய். மெட்ராஸ் காற்றில் இது திரும்பவும் வருமாம்.

இனி நண்பனுக்கு. அவன் வைத்திருப்பது புத்தம் புது மேக். மேக்கின் தண்டர்போல்ட் 3 போர்ட்டிலிருந்து தண்டர்போல்ட் 2, அதிலிருந்து ஃபயர்வயர் 800, அதிலிருந்து 400 என்று அடாப்டர் மேல் அடாப்டராகச் சொருகி மேக்கில் ஓட்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் 2025ல் வந்த மேக்ஓஎஸ் 26 என்கிற மேக் சிஸ்டத்தில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ஆக, அவன் ஸ்கேனரோடு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் வாங்கி, அதை இன்டர்நெட் படாமல் ஓரமாக வைத்துக் காப்பாற்ற வேண்டும். அவனிடம் இருப்பது மொத்தம் எட்டு ரோல். போட்டோ லேபில் ஸ்கேன் பண்ணக் கொடுத்தால் வேலை முடிந்தது. ‘வாங்காதே’ என்று எழுதிவிட்டேன்.

கூடவே, அந்த விளம்பரம் போட்ட ஆளிடம் பிலிம் ஸ்ட்ரிப் நுழைக்கும் அடாப்டரை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். என்னுடையது சுருண்ட பிலிமைத் துப்ப ஆரம்பித்திருக்கிறது. ஸ்ட்ரிப்பை எல்லாம் பழைய டெலிபோன் டைரக்டரிக்கு அடியில் நசுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் 600 பிரேம் பாக்கி.