டீசல் ஊறிய மண்ணுக்கு எது நல்லது: தொழு எருவா, பிரஸ்மட்டா, கோழி எருவும் மல்லாட்டைத் தோலுமா?

பண்ருட்டி பக்கம் எங்கள் நிலத்தின் ஒரு மூலையில் முன்பு டிராக்டர் பட்டறை இருந்தது. பட்டறையைக் காலி செய்த பிறகும் அங்கே அருகம்புல்கூட முளைக்கவில்லை. டீசல் ட்ரம் வைத்திருந்த இடத்தில் மண் கறுத்துப் போய், தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. அதைச் சரிசெய்ய எந்தக் கழிவைப் போடுவது என்று அலசியதைத்தான் எழுதுகிறேன்.

மண்ணை வெட்டி வேறு எங்காவது கொட்டுவதை நான் யோசிக்கவே இல்லை. நம் கேட்டை அடுத்தவர் கிணற்றுக்கு அனுப்புகிற வேலை அது.

டீசலைத் தின்னும் பாக்டீரியாக்கள் நம் மண்ணிலேயே உண்டு. சூடோமோனாஸ், பேசில்லஸ் எல்லாம் அந்த வகைதான். டீசலில் அவற்றுக்குக் கார்பன் ஏராளம். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்)தான் கிடைக்காது. 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கடற்கரையில் உரம் தெளித்தது இதற்காகத்தான்.

தொழு எரு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, நுண்ணுயிர்களும் நிறைய. ஆனால் தழைச்சத்து குறைவு என்பதால் அளவு அதிகம் போட வேண்டும், வேலையும் மெதுவாக நடக்கும். பிரஸ்மட் என்பது சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வடிகட்டியதும் மிஞ்சும் கசடு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை இருப்பதால் நமக்குப் பக்கம். மணிச்சத்தும் நன்றாக இருக்கும். ஆனால் அதில் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. நுண்ணுயிர்கள் சுலபமாகக் கிடைப்பதைத்தான் முதலில் தின்னும், டீசல் அப்புறம்தான். தென்னை நார்க்கழிவு ஈரம் பிடிக்கும், தழைச்சத்து மிகக் குறைவான சரக்கு.

நான் தேர்ந்தெடுத்தது பிராய்லர் பண்ணைக் கோழி எருவும் மல்லாட்டைத் தோலும் (நிலக்கடலை ஓடு). கோழி எருவில் தழைச்சத்து தொழு எருவைவிட நன்றாகவே அதிகம். பண்ணைத் தரையில் உமி பரப்பியிருந்தால் எருவோடு அதுவும் கலந்தே வரும். பச்சையாகப் போட்டால் அம்மோனியா மூக்கைத் துளைக்கும், உப்பும் ஏறும். குவித்து ஆறவைத்துத்தான் போட வேண்டும்.

ஆனாலும் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது தழைச்சத்து இல்லை, காற்று. 1 கிலோ டீசல் கார்பன்-டை-ஆக்சைடாகவும் தண்ணீராகவும் முழுதாக மாற 3 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். அதற்கு 10 கன மீட்டருக்கு மேல் காற்று அந்த மண்ணுக்குள் போய் வர வேண்டும். ஈரப் பிரஸ்மட்டோ சாணியோ கலந்த மண் களி போல இறுகக்கூடும். மேலே நாலு விரல் ஆழம் வேலை நடக்கும், அடியில் டீசல் வாடை அப்படியே நிற்கும். அதைக் கிளறிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும், ஆள் கூலிதான் இதில் பெரிய செலவு. மல்லாட்டைத் தோல் சீக்கிரம் மக்காது. மண்ணுக்குள் இடைவெளி விட்டு நிற்கும், கிளறும் வேலை குறையும். எருவைச் சும்மா கொடுத்தாலும் கிளறுகிற கூலியைச் சேர்த்துப் பாருங்கள், அப்போது தெரியும் எது மலிவு என்று. மல்லாட்டை உடைக்கும் மில்களில் தோலை பாய்லருக்கும் கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நான் கலந்தது மூன்று பங்கு மண்ணுக்கு, எருவும் தோலும் சேர்ந்து ஒரு பங்கு. தடித்த பாலிதீன் விரிப்பில் குவித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற, ஆனால் தண்ணீர் சொட்டாத ஈரத்தில் வைத்தேன். வாடை போனதும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், லேசான பகுதி காற்றில் ஆவியாகியும் போயிருக்கும். நல்ல மண்ணில் ஒரு தொட்டி, இந்த மண்ணில் ஒரு தொட்டி என்று தட்டப்பயறு போட்டு முளைப்பை ஒப்பிடுங்கள். ஆய்வகத்தில் மொத்த எண்ணெய் அளவு பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

என் அனுபவம் டீசலோடுதான். பழைய எஞ்சின் ஆயில் வேறு கதை. அதில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் இருக்கலாம், அவற்றை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. பட்டறை இருந்த இடத்தில் அதுவும் சிந்தியிருக்கலாம் என்பதால் அந்த மூலையில் சாப்பிடுகிற பயிர் எதுவும் வைக்கவில்லை. எஞ்சின் ஆயிலில் உள்ள கடினமான சேர்மங்களை உடைக்கும் நொதிகள் சிப்பிக் காளானில் உண்டு. அதனால் காளான் எடுத்து முடித்த வைக்கோலையும் அங்கே கொஞ்சம் போட்டிருக்கிறேன், தீர்ப்பு சொல்லும் அளவுக்கு இன்னும் பார்க்கவில்லை.

எதைப் போட்டாலும் பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குவியல் நனைந்தால் காற்றும் அடைபடும், டீசலும் எருவின் நைட்ரேட்டும் சேர்ந்து நிலத்தடி நீருக்கு இறங்கும். சுற்றிலும் வரப்பு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி வையுங்கள்.