கிராமிசிடினா, ஆம்போடெரிசினா?

செல்லின் உள்ளடக்கம் கரைந்து வெளியேறாமல் அதன் மின்னோட்டத்தை அளக்க, பிப்பெட் (நுண்ணிய கண்ணாடிக் குழாய்) நுனி ஒட்டிய சவ்வில் மட்டும் மருந்தால் நுண்துளைகள் போட வேண்டும். அதற்குப் பலரும் எடுப்பது ஆம்போடெரிசின் பி. கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டீரால் உள்ள சவ்வில் சீக்கிரமே வேலை செய்யும், மின்தடையும் நன்றாக இறங்கும். ஆனால் வெளிச்சம் ஆகாது, கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும்.

கிராமிசிடின் நிதானமானது, சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகும். 1939இல் ரெனே டுபோ மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்தது. பதினைந்து அமினோ அமிலச் சங்கிலிகள் இரண்டு தலையோடு தலை சேர்ந்தால் ஒரு துளை. சோடியமும் பொட்டாசியமும் அதில் போகும், குளோரைடு போகாது. ஆம்போடெரிசின் துளையோ குளோரைடையும் விடும்.

காபா என்பது நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள், அது திறக்கும் வாயில் வழியே முக்கியமாகப் போவது குளோரைடு. எனவே காபா ஆய்வென்றால் யோசிக்கவே வேண்டாம், கிராமிசிடின்தான். இளம் நியூரான்களில் (நரம்புச் செல்களில்) குளோரைடு அதிகம் இருப்பதால் காபா அவற்றைத் தூண்டக்கூடும். செல்லின் சொந்தக் குளோரைடு மாறிவிட்டால் அது தெரியாமலே போகும். பிப்பெட்டில் குளோரைடு கூடிய கரைசலை வைத்தால், நுனியிலுள்ள சவ்வு கிழிந்ததும் காபாவின் திரும்பு மின்னழுத்தம் (மின்னோட்டம் திசை மாறும் மின்னழுத்தம்) சட்டென நகர்ந்து காட்டிக்கொடுக்கும். கால்சியம் மின்னோட்டம் போன்றவற்றுக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை, ஆம்போடெரிசினே போதும். அப்புறம், எதுவானாலும் பிப்பெட் நுனியில் மருந்தில்லாத கரைசல் கொஞ்சம் இருக்கட்டும். இல்லாவிட்டால் சீல், அதாவது நுனிக்கும் சவ்வுக்கும் இடையிலான இறுக்கமான ஒட்டு, சரியாகப் பிடிக்காமல் போகலாம்.