மாஸ்டர்ஸ் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி 14,800 வெள்ளியைப் பிடுங்கிக்கொண்டார்கள்: சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வட்டாரத்தினர் கவனம்

பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்க ஆசைப்படும் தோட்டப்புறப் பிள்ளைகளும், வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். என் 14,800 வெள்ளி போய்விட்டது. நேற்று சாயங்காலம் போனேன், அந்தக் கடைவீட்டு மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது. இப்படிப்பட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்த இடத்தின் பெயரைப் போடவில்லை, புகார் நடவடிக்கையில் இருக்கிறது. ‘கல்வி ஆலோசனை மையம்’ என்று பலகை, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கப் பட்டமளிப்பு உடையில் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். அந்த வகைதான்.

நான் அரசாங்க அலுவலகத்தில் கிராணி. தொலைதூரக் கல்வியில் பட்டம் முடித்தவள். முகப்பில் உட்கார்ந்தால் நம் ஆட்களைத்தான் அதிகம் பார்ப்பேன். தோட்டம் கைமாறியதால் லயத்தைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள், கோயில் நிலத்துக்காக மனு தூக்கிக்கொண்டு அலையும் பெரியவர்கள், எந்த அலுவலகத்துக்குப் போவதென்றே தெரியாத பாட்டிகள். பாரத்தை வாங்கி முத்திரை குத்தி மேலே அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். மேலே போன பிறகு எந்தக் கொள்கையை வைத்து முடிவெடுக்கிறார்கள், ஒதுக்கிய பணம் ஏன் கீழே வந்து சேரவில்லை, இதையெல்லாம் முறையாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பினாங்கு யுஎஸ்எம்மிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் வேலையையும் அம்மாவையும் விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த இடத்தில்தான் இவர்கள் நுழைந்தார்கள்.

கோயில் மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சியில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். “அக்கா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான், அப்பா பால்மரம் வெட்டினவர்” என்றுதான் பேச்சை ஆரம்பித்தான். அப்புறம் வீட்டுக்கே வந்தான். தரையில் உட்கார்ந்து அம்மா சுட்ட தோசையைப் பசியாறினான், அம்மாவின் முட்டிவலியைப் பற்றி அக்கறையாக விசாரித்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், வார இறுதியில் இணைய வகுப்பு, பதினெட்டு மாதத்தில் பட்டம், முடித்தால் நேராக பிடிடி, அதாவது அரசாங்கத்தின் நிர்வாக, அரசதந்திர அதிகாரி வேலை என்றான். பிறகு அம்மாவைப் பார்த்து, “துன் சம்பந்தன் பிறந்த ஊர்மா இது. இங்கிருந்து ஒரு பெரிய அதிகாரி வரவேணாமா?” என்று கேட்டான். வாழ்நாளெல்லாம் மரம் சீவிய அம்மா, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சங்கிலியையும் காப்புகளையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நகையை அடகு வைத்ததில் 9,000. கூட்டுறவுக் கடன் 5,800. மொத்தம் 14,800 வெள்ளி. கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா என்று கேட்டபோது, “அது இழுத்தடிக்கும்கா, வேணாம்” என்று உடனே தடுத்தான். கல்விக்காக அங்கே பணம் எடுக்கப் போனால் கல்வி நிலையத்தின் சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் காட்ட வேண்டும். குட்டு உடைந்திருக்கும், அதுதான் காரணம். கம்பெனிக் கணக்கில் ஏதோ கோளாறு என்று சொல்லித் தனி ஆள் கணக்குக்கு அனுப்ப வைத்தான்.

ஒரு மாணவர் அட்டை வந்தது. பாடக் கோப்பு என்று ஏதோ வந்தது, அதில் இன்னொரு நாட்டின் மாவட்ட நிர்வாகத்தைப் பற்றித்தான் இருந்தது. வகுப்பு மட்டும் தொடங்கவே இல்லை. கேட்டால் முதலில் “சிஸ்டம் மாத்துறோம் அக்கா” என்றான். பிறகு, மேனேஜர் கோலாலம்பூர் போயிருக்கிறார். பிறகு, பல்கலைக்கழகத்தில் விடுமுறை. புலனத்தில் (வாட்ஸ்அப்) நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனபோது முகப்பில் ஒரு புதுப்பெண். “அவர் வேலையை விட்டுட்டார். அவர் கணக்குல நீங்க போட்ட பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல” என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல். அதற்கு மேல், இன்னும் 2,500 வெள்ளி கட்டினால் ‘வேறு கோர்ஸுக்கு மாற்றித் தருகிறோம்’ என்றாள். இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டவர்கள் இன்னும் கேட்கிறார்கள்!

எங்கள் அலுவலக மனிதவள அதிகாரி, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் எம்.கியூ.ஆர். பதிவேட்டைத் திறந்து அப்போதே தேடினார். அப்படி ஒரு படிப்பே அதில் இல்லை. நம் நாட்டில் பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும், இவர்கள் கொடுத்த தாளில் கிரெடிட் கணக்கே கிடையாது என்றார். இன்னொன்றும் சொன்னார். பிடிடி வேலைக்கு மாஸ்டர்ஸ் தேவையே இல்லை. இளங்கலைப் பட்டத்தோடு எஸ்பிஏ (பொதுச் சேவை ஆணையம்) மூலம் விண்ணப்பித்து, தேர்வு, மதிப்பீடு, நேர்முகம் எல்லாம் தாண்ட வேண்டும். எந்த முதுகலையும் யாரையும் நேராக அந்த நாற்காலியில் உட்கார வைக்காது.

போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போடுகிறேன். அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். 14,800 வெள்ளி திரும்பி வருமோ வராதோ, விடப்போவதில்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை, அடகுக் கடை வட்டி கட்டப் போக வேண்டும். பணம் கட்டும் முன் எம்.கியூ.ஆர். பதிவேட்டில் படிப்பின் பெயரையும் கல்வி நிலையத்தின் பெயரையும் நீங்களே தேடுங்கள், அவர்கள் கைப்பேசியில் காட்டுவதை நம்பாதீர்கள். தனி ஆள் கணக்குக்கு ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். கணக்கு எண்ணை, மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், நாள் தள்ளினால் பணத்தைப் பிடிக்க முடியாது.

அந்தத் தம்பி அடுத்து கோல கங்சார் பக்கம் மேசை போடப்போவதாகக் கேள்வி. அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.