மாடல் மாறினால் ஃபார்முக்கு யார் சொல்வது? மூன்று வழிகள்

தாமிரபரணிப் பாசனத்து நெல்லை வாங்கும் ரைஸ் மில் ஒன்றுக்குக் கொள்முதல் ஃபார்ம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விவசாயி பெயர், மாவட்டம், தாலுகா, அணைக்கட்டு, கால்வாய், பருவம் காரா பிசானமா, ரகம் அம்பை 16ஆ வேறா, அளவு எவ்வளவு. முதல் நாள் எப்படி எழுதினாலும் ஓடும். அப்புறம் ஒரு நாள் மில்காரர் "ஈரப்பதத்தையும் போடணும்லா தம்பி" என்பார். டேட்டாபேஸ் அமைப்பில், அதாவது மாடலில், ஃபீல்டு ஒன்று கூடிவிடும். அதை ஃபார்முக்கு யார் சொல்வது?

முதல் வழி: பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் இருப்பவர்களுக்கு மாடல்ஃபார்ம் இருக்கிறது. ஃபார்ம் மாடலிலிருந்தே பிறக்கும். எல்லா ஃபீல்டும் வேண்டும் என்று எழுதிவிட்டால் ஈரப்பதம் தானாக வரும். ஆனால் மில்லின் உள்கணக்குக்காக நாளைக்குச் சேர்க்கும் தரகு கமிஷனும் அதே வழியில் திரைக்கு வந்து நிற்கும். ஜாங்கோ 1.8இலிருந்து எந்த ஃபீல்டு வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லாமல் விட்டால் எரர் வருவது இதனால்தான். பட்டியலைக் கையால் எழுதுவதே நல்லது. அப்போது தானாக வரும் என்ற சௌகரியம் பாதி போய்விடும், போகட்டும்.

இரண்டாவது வழி ஜேசன் ஸ்கீமா, அதாவது எந்த ஃபீல்டு, என்ன வகை என்று ஜேசன் வடிவில் எழுதிய விவரம். சர்வர் ஸ்கீமாவை அனுப்பும், ஆர்ஜேஎஸ்எஃப் மாதிரியான லைப்ரரி அதைப் படித்து ஃபார்மை வரையும். முப்பது நாற்பது ஃபார்ம் உள்ள ஆபீஸுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. தொல்லை நுணுக்கத்தில்தான். ஃபீல்டு வரிசையைத் தனியாக எழுதி வைத்து, கடைசியில் 'மீதி எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக்குறி போட மறந்திருந்தால், புதிய ஈரப்பதம் வந்ததும் ஃபார்முக்குப் பதில் எரர்தான் தெரியும். அரியநாயகிபுரம் அணைக்கட்டைத் தேர்ந்தால் கோடகன் கால்வாய், பழவூர் என்றால் பாளையங்கால்வாய், சுத்தமல்லி என்றால் திருநெல்வேலிக் கால்வாய் என்று நிபந்தனை எழுத ஆரம்பித்தால் ஸ்கீமா அனுமார் வால்தான்.

மூன்றாவது எனக்குப் பிடித்த வழி. சர்வர் எதை வாங்கும், எதைத் தரும் என்று சொல்லும் ஓப்பன்ஏபிஐ விவரத்திலிருந்து டைப்ஸ்கிரிப்ட் (வகை சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்) டைப்புகளை உருவாக்கிக்கொண்டு, ஃபார்மைக் கையால் எழுதுவது. இதில் ஒரு சின்ன உத்தி: ஃபீல்டுகளைத் தனித்தனியாக எழுதாமல், அந்த டைப்பின் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில் இருந்தே ஆக வேண்டும் என்று 'ரெக்கார்ட்' டைப் போட்ட ஒரே ஆப்ஜெக்டில் வைக்க வேண்டும். ஈரப்பதம் வந்த அன்றே பில்டு, அதாவது புரோகிராமைத் தயாரிக்கும் வேலை, நின்றுவிடும். காட்டப்போகிறாயா, மறைக்கப்போகிறாயா என்று முடிவு சொல்லாமல் நகர முடியாது. டைப் உருவாக்குவதை பில்டிலேயே சேர்த்துவிட வேண்டும். ஆள் நினைவு வைத்து ஓட்டுவதை நம்பக் கூடாது.

இதெல்லாம் ஃபீல்டு கூடும்போது. பெயர் அப்படியே இருந்து பொருள் மட்டும் மாறினால் மூன்றுமே வாயைத் திறக்காது. 'அளவு' நேற்று வரை கோட்டை என்ற பழைய நெல் அளவுக் கணக்கு, இன்றைக்குக் குவிண்டால் என்றால் இரண்டுமே எண்தான். ஃபீல்டின் பெயரையே 'எடை குவிண்டால்' என்று மாற்றுங்கள். மூன்றாவது வழியில் பில்டு உடனே சத்தம் போடும்.

மாவட்டம் இன்னும் மோசம். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில், சிவகிரி, ஆலங்குளம், கடையநல்லூர் எல்லாம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து அங்கே போயின. பழைய பதிவில் மாவட்டம் திருநெல்வேலி, தாலுகா சங்கரன்கோவில் என்று கிடக்கும். திருநெல்வேலியின் புதிய தாலுகாப் பட்டியலில் அது இருக்காது. கொடுத்த மதிப்பு டிராப்டவுனில் இல்லையென்றால், திரையை வரையும் ரியாக்ட் லைப்ரரி எரர் காட்டாது. திரையில் பட்டியலின் முதல் பெயர் நிற்கும், அகரவரிசையென்றால் அம்பாசமுத்திரம். உள்ளே ஸ்டேட்டில், அதாவது ஃபார்மின் நினைவில், இருப்பதோ சங்கரன்கோவில். கிளார்க் திரையில் நிற்பதைப் பார்த்து, சரி என்று சேமித்துவிட்டுப் போய்விடுவார்.

பின்கோடை வைத்துத் திருத்தலாம் என்று இறங்காதீர்கள். திருநெல்வேலி 627001, தென்காசி 627811, சங்கரன்கோவில் 627756. முதல் மூன்று இலக்கத்தில் ஒன்றும் பிரியாது. தாலுகா பெயரை வைத்து, பழைய பதிவுகளை மாற்றும் மைக்ரேஷன் எழுதுவதே வழி. அது ஓடி முடியும்வரை பழைய மதிப்பையும் டிராப்டவுனில், தேர்ந்தெடுக்க முடியாத வரியாக, காட்டிவிடுங்கள்.

மில் வாசலில் நாள் முழுக்க ஓடும் கொள்முதல் ஃபார்முக்கு மூன்றாவது வழி. ரகம், கால்வாய் மாதிரி எப்போதாவது தொடும் மாஸ்டர் திரைகளுக்கு ஸ்கீமா போதும். ஜாங்கோ மட்டுமே தெரிந்த இரண்டு பேர் கடை என்றால் மாடல்ஃபார்மை விட்டு நகர வேண்டாம், பட்டியலை மட்டும் கையால் எழுதுங்கள்.