ரோஸ் ஹில் வீட்டில் 200 மெகாபிட் ‘வரை’

தைப்பூசக் காவடிக்காக மூன்று வாரம் மொரீஷியஸ் சென்றிருந்தபோது, ரோஸ் ஹில்லில் உள்ள அக்கா வீட்டு மாடி அறையிலிருந்தே சென்னை அலுவலக வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு. நொடிக்கு 200 மெகாபிட் சந்தா. ஆனால் மாடியில் கைப்பேசியில் அளந்தபோது வேகம் 17ஐத் தாண்டவில்லை.

விளம்பரத் தாளை எடுத்துப் பார்த்தேன். 200 என்ற எண் உள்ளங்கை அகலத்துக்கு இருக்க, அதற்கு முன்னால் ‘ஜூஸ்கா’ என்ற பிரெஞ்சுச் சொல் எறும்பளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. நம்முடைய ‘வரை’தான் அது, உச்சவரம்பே தவிர, வாக்குறுதி அன்று. கணினியில் கோப்புகளை இறக்கும்போது 11க்கு மேல் ஏறுவதில்லை என்பது அத்தானின் நெடுநாள் குறை. அவர் பார்த்தது மெகாபைட், விற்கப்படுவது மெகாபிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எட்டால் பெருக்கினாலும் 88தான் வருகிறது; மீதி எங்கே?

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சண்டை போடவே அழைத்தேன். வைஃபையை விட்டுவிட்டு வயரில் அளக்கச் சொன்னார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்தேன், ஆனால் சொன்னது சரி. காலை, மாலை, நள்ளிரவு என எப்போது அளந்தாலும் 94. நெரிசலால் குறையும் வேகம் ஏறி இறங்கும். இப்படி அசையாமல் நின்றால் நடுவில் ஏதோ 100 மெகாபிட்டில் அடைக்கிறது என்று பொருள், ஏனெனில் அத்தகைய இணைப்பில் கைக்குக் கிடைப்பது 94, 95தான். வயரின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பிகள் இருக்க வேண்டிய பிளக்கில் நான்குதான் இருந்தன. தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த ஏடிஎஸ்எல் காலத்து வயரைத் தூக்கிப்போட மனமில்லாமல் அத்தான் இதிலேயே மாட்டியிருக்கிறார்! எட்டுக் கம்பி வயர் வாங்கி மாற்றியதும் 190ஐத் தாண்டியது.

மாடியின் சிக்கல் வேறு. 1960இல் கரோல் புயல் வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு, இத்தீவில் கான்கிரீட் வீடுகளே வழக்கமாயின. புயலைத் தடுக்கும் சுவர் வைஃபையையும் தடுக்கிறது, அதிலும் வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலையை முதலில். வாசலோரத்து ரௌட்டரிலிருந்து மாடிப்படி வழியாக வயர் இழுத்ததுதான் தீர்வாயிற்று.

இவ்வளவும் வீட்டுக் குறை. நிறுவனத்தின் மீது எனக்குள்ள குறை, தீவைத் தாண்டியது. வேகச் சோதனை தானாகவே அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பதால், அந்த 190 உள்ளூர்க் கணக்கு. சென்னை சர்வரைத் தேர்ந்தெடுத்து மாலையில் அளந்தபோது 30தான். தகவல் சென்னைக்குப் போய்வரும் நேரமோ 230 மில்லிநொடி. தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் செல்லும் சேஃப் கடலடிக் கேபிள் 2002 முதல் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், கொச்சி வழியே போனால் இதில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூடத் தேவையில்லை. எங்கோ ஊர்சுற்றித்தான் போகிறது. வெளிநாட்டு வேகத்துக்கு என்ன உறுதி என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்றார்கள்.

மறுநாளிலிருந்து சென்னைக் கூட்டங்களை மொரீஷியஸ் நேரம் காலை எட்டரைக்கு, அங்கே பத்து மணிக்கு, மாற்றிக்கொண்டேன். மாலை நேரத்து இணையத்தை அக்காவின் தொடர்களுக்கு விட்டுக்கொடுத்தாயிற்று.