பூங்காவா, சதுப்புநிலமா, பக்கத்து ஏரியா? பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்

சென்னைப் பள்ளிகளில் ‘பிள்ளைகளுக்கு நீர்நிலைகளை நேரில் காட்டணும்’ என்று பேச்செடுத்தால் மூன்று இடங்கள்தான் அடிபடும்: அடையாறு தொல்காப்பியப் பூங்கா, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஓர் ஏரி. சிலர் பழவேற்காடு என்பார்கள். நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பூநாரை வரும், எல்லாம் சரி. ஆனால் போய்வரவே பொழுது போய்விடும். திரும்பும்போது பாதிப் பேர் பஸ்ஸில் தூங்கிவிடுவார்கள். கோயில் குளங்களோ, படியில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

தலைமையாசிரியர்களுக்குப் பிடித்தது பூங்காதான். குப்பையும் இடிபாடும் கொட்டிச் சீரழிந்திருந்த அடையாற்றுக் கழிமுகத்துச் சிற்றோடையில் 58 ஏக்கரை மீட்டு 2011இல் திறந்தார்கள். நிழல், நடைபாதை, கழிப்பறை என்று பெற்றோர் கேட்பதெல்லாம் இருக்கிறது. அலையாத்தி மரத்தடியில் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டு வைத்ததுபோல நிற்கும். காற்றில்லாத சேற்றில் வேர் எப்படிப் பிழைக்கிறது என்பதை அதைக் காட்டியே சொல்லிவிடலாம். ஐந்தாறாம் வகுப்புக்கு இது போதும். ஆனால் நீரைத் தொட முடியாது. எல்லாம் சீர்செய்து வைத்த இடம் என்பதால், கெட்ட நீர் எப்படி இருக்கும் என்பதும் பிடிபடாது.

பள்ளிக்கரணையில் அந்தக் குறை இல்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம். அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, நடுவே வாகனங்கள் பறக்கும் ரேடியல் சாலை. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் விடிகாலையில் போனால் கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், நீலத் தாழைக்கோழி எல்லாம் பார்க்கலாம். ஒரே ஒரு பைனாகுலரோடு நாற்பது பேரைக் கூட்டிப்போனால் வரிசையில் நிற்பதைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

பறவையைவிட அங்கே காட்ட வேண்டியது நீர் போகும் வழி. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, மடிப்பாக்கத்தில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கப் பெரிய முன்னுரை வேண்டாம். எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்ற இடம்.

இருந்தாலும் என் ஓட்டு பக்கத்து ஏரிக்குத்தான். பஸ் செலவில்லை என்பதோடு, ஜூனில் ஒரு தடவை, மழை முடிந்ததும் ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை என்று ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். நீரைத் திறந்துவிடும் மதகு எது, நிரம்பிய நீர் வழிந்தோடும் கலங்கல் எது, நீர் வந்துசேரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு பரவிவிட்டது என்பதெல்லாம் ஒருமுறை போனால் தெரியாது.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நீளக் கம்பில் கட்டிய வலை, ஒரு வெள்ளைத் தட்டு, டீ வடிகட்டி, பூதக்கண்ணாடி. சாக்கடை வந்து விழும் இடத்தில் ஒரு அள்ளு, எதிர்க்கரையில் ஒரு அள்ளு. தட்டில் கொட்டி அசையாமல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சேறு படியும், உயிர்கள் நெளியத் தொடங்கும். சாக்கடைப் பக்கத்தில் பெரும்பாலும் சிவப்பாக ரத்தப்புழு வரும். அது கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் புழுப்பருவம். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். அது மட்டுமே மண்டியிருந்தால் நீர் மோசம். நத்தை, மீன் குஞ்சு, இறக்கை முளைக்காத தட்டான் என்று பலவகை அகப்பட்டால் பரவாயில்லை. எண்ணி எழுதியதும் எல்லாவற்றையும் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும்.

ஆபத்து அதிகமுள்ளதும் ஏரிதான். மண் எடுத்த பள்ளங்கள் மேலிருந்து தெரியாது. கரையில் உடைந்த பாட்டில் கிடக்கும். அதனால் பிள்ளைகள் கரையைவிட்டு இறங்கவே கூடாது, அள்ளுவது ஆசிரியர் வேலை. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், அனைவருக்கும் ஷூ, முடிந்ததும் சோப்பு. ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்தத் துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாம்பரம் பக்கத்துப் பள்ளி என்றால் ஏரி, சதுப்புநிலம் இரண்டையும் இணைத்துவிடலாம். செம்பாக்கம் ஏரியில் தொடங்கி, அதன் உபரிநீர் போகும் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைப் பருவத்துக்கு ஒன்றாகப் பார்த்து, கடைசியில் பள்ளிக்கரணைக்கு ஒரு பஸ் பிடித்தால் போதும்.